அப்பாவின் மூன்றாவது பட்டன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அப்பா என் எதிரில் வந்து நின்று, கேட்காமலேயே முகவாயை உயர்த்தினார். வெள்ளைச் சட்டை திறந்து கிடந்தது. பக்கவாதம் தாக்கிய வலது கை மட்டுமல்ல, நன்றாக இருக்கும் இடது கையும் சும்மா தொங்கியது. மளமளவென்று எல்லாப் பட்டன்களையும் போட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்கு ஓடினேன். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த முகவாய் உறைத்தது. மூன்று மாதமாக நான் அவருக்குப் பழக்கியது இதைத்தான்.

இத்தனைக்கும் அப்பாவின் கையை மீட்டே தீருவது என்று வீட்டில் அதிகம் துள்ளியவள் நான். ரப்பர் பந்து வாங்கினேன், வீடியோக்கள் பார்த்தேன், அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். முதல் சில மாதங்களில் கை எதைப் பழகுகிறதோ அதுதான் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டவணையில் எல்லாம் இருந்தது, சட்டை போடுவதைத் தவிர. ஆசிரியையான அம்மா ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். எனக்கு ஏழே இருபதுக்கு பஸ். வாரம் ஒருமுறை செம்பாக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அக்கா அந்தச் செவ்வாய் மாலை கேட்டார்: "பந்தெல்லாம் சரி, சட்டை யார் போட்டு விடுறா?"

"நான்தான்க்கா."

"சூப்பர். உன் கைக்கு நல்ல எக்ஸர்சைஸ்."

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சும்மா உட்கார்வது இவ்வளவு கஷ்டமா? பட்டன் விரலுக்குள் வந்தது, வழுக்கியது, மறுபடி வந்தது. "பாப்பா, காலை ஆட்டாத. எனக்கு டென்ஷனாவுது," என்றார். போன் அடித்தது. "எங்கடி இருக்க? டிரைவர் அண்ணா ஹாரன் அடிச்சே சாவடிக்கிறாரு," என்றாள் தோழி. "நீங்க போங்க," என்று வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் அப்பா இரண்டு பட்டன் போட்டிருந்தார். மூன்றாவது பட்டன் நான்காவது காஜாவில் போய் நுழைந்திருந்தது. முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தார். என் கை தானாக நீண்டு, அதைக் கழற்றிச் சரியான காஜாவில் மாட்டியது. பஸ்ஸைத்தான் விட்டாயிற்றே, பிறகு என்ன அவசரம்? இன்றுவரை எனக்கே புரியவில்லை. அவர் முகம் சட்டென்று வாடியது. வியாழனும் வெள்ளியும் அவர் சட்டையைத் தொடவில்லை. பனியனோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்றாம் வகுப்பில், ஷூ லேஸை நானே கட்டுவேன் என்று அடம்பிடித்த ஒரு காலை திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "நீ கிளம்புப்பா, நாங்க வர்றோம்," என்று வேன்காரரை அனுப்பிவிட்டு, அப்பா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாம்பரத்தில் அவர் பிடிக்க வேண்டிய ரயில் அப்போதே போயிருக்கும். நான் கட்டியது முடிச்சே இல்லை, வெறும் சிக்கல். அதோடுதான் பள்ளிக்கு நடந்தோம். அவ்வளவு நேரமும் அவர் தன் கைகளை எங்கே வைத்திருந்தார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

நாளை ஞாயிறு. சர்ச் எட்டரை மணிக்கு. ஆறு மணிக்கே வெள்ளைச் சட்டையை அவர் மடியில் வைக்கப் போகிறேன். தொடுவாரா, தெரியாது. தொட்டால், எந்தப் பட்டன் எந்தக் காஜாவில் விழுந்தாலும் அப்படியே ஆராதனைக்குப் போவோம். தொடாமல், எழுந்து வந்து மறுபடி என் முன்னால் முகவாயை உயர்த்தினால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அது முடிகிறதா பார்க்க வேண்டும்.