பாசிக்காரியின் பாறை

பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டை நகத்தின் மேல் விட்டு, அது வழிகிற வேகத்தைப் பார்த்த பிறகுதான் பாசிக்காரி அடுப்பைப் பற்றவைப்பாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். வானொலியில் மழை வரும் என்று சொன்னால் துவைத்த துணியைக் காயப்போடுவாள். வராது என்றால் எடுத்து உள்ளே வைப்பாள். ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டும் அவள் கணவர், கல்யாணமான புதிதில் இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். போகப் போகச் சிரிப்பதை விட்டுவிட்டார்.

செய்த தொழிலுக்கு அந்தக் குணம் கைகொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மீன் டப்பா அடைக்கும் ஆலையை மூடியபோது கூட வேலை பார்த்த பெண்கள் தையல், வீட்டுவேலை என்று பிரிந்து போனார்கள். இவள் மட்டும் சின்ன அரிவாளும் வலைப்பையுமாகக் கடலில் இறங்கினாள். நீர் வற்றும் நேரத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை அறுத்து, அலசி, காயவைத்துக் கொடுப்பது வேலை. காலை ஊன்றும் முன் கல்லைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். சாக்கடைக் குழாய் வந்து விழும் பக்கம் எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் தொடமாட்டாள். கடலுக்கு முதுகு காட்டி அவள் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

அவள் அறுப்பது சிவப்பு நூல்நூலாக இருக்கும் பாசி. கொதிக்கவைத்து வடிகட்டினால் கெட்டியாக உறையும். பேக்கரிக்காரர் அதை வாங்கித்தான் பழச்சாறு ஊற்றி ஜெல்லி போட்டுக் கொண்டிருந்தார். அந்தப் பாசி நன்றாக விளைந்தது ஒரே ஒரு தட்டைப் பாறையில். கடலில் கிடக்கும் பாறைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் அவள் அதை ‘என் பாறை’ என்றே சொல்லுவாள். அடியை விட்டுவிட்டு நுனியை மட்டும் அறுத்தால் மறுபடி தளிர்க்கும். அப்படி அறுத்து அறுத்து, தோட்டம் மாதிரி அதை வைத்திருந்தாள்.

அந்தத் தோட்டத்தில்தான் ஒருநாள் சொட்டை விழுந்திருப்பதைப் பார்த்தாள். முதலில் உள்ளங்கை அகலம். அடுத்த முறை போனபோது முறம் அகலம். அடி வரைக்கும் ஒன்றுமில்லாமல், பாறை வெள்ளையாகப் பல்லை இளித்தது. ஓரத்தில் மிச்சமிருந்த அடிக்கட்டைகள் அரிவாள் பட்டு அறுந்த மாதிரி இல்லை. பிய்ந்து பிசிறு பிசிறாக இருந்தன. தொழில் தெரியாத கை பிடுங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கணவரின் தங்கை, புருஷனோடு ஒத்துப்போகாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாசி மூட்டை அடுக்கும் பின்னறையில் படுத்துக்கொண்டிருந்த சமயம் அது. நாத்தனார் அதிர்ந்து பேசாதவள். அதுவே பாசிக்காரிக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாதவர்கள்தான் சத்தம் போடுவார்கள் என்பது அவள் கணக்கு.

பல நாள் விடிவதற்குள் நாத்தனார் எங்கோ கிளம்பிப் போனாள். திரும்பும்போது பாவாடை விளிம்பு ஈரமாக இருந்தது. விரல்களில் கீறல். குளியலறைச் சாக்கடை வலையில் ஒருநாள் பாசித் துணுக்கு ஒன்று சிக்கிக் கிடந்தது. அது பழுப்பு நிறம், இலை இலையாக இருந்தது. தன்னுடையது அல்ல என்று பாசிக்காரிக்குத் தெரிந்தது. கண்ணில் மண்ணைத் தூவ வேண்டுமென்றே போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

“எங்க போய்ட்டு வர்ற?” என்று கேட்டாள்.

“சும்மா நடந்துட்டு வந்தேன் அண்ணி.”

“நடந்தா பாவாடை நனையுமா?”

“கடல் ஓரமாத்தானே நடக்கறேன்,” என்றாள் நாத்தனார், தட்டைக் கழுவிக்கொண்டே.

பாசிக்காரி பழைய சேலையிலிருந்து மஞ்சள் நூலைப் பிரித்தெடுத்து, நீர் வற்றியபோது போய் நாலைந்து பாசிக் கொத்துகளில் முடிந்து வைத்துவிட்டு வந்தாள். பிடுங்குகிறவள் நூலையும் சேர்த்துத்தான் பிடுங்குவாள்; மூட்டையில் நூல் அகப்பட்டால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். மறுமுறை போய்ப் பார்த்தால் பாசி இல்லை. முடிச்சு அவிழாத நூல் மட்டும் பாறை இடுக்கில் அப்படியே கிடந்தது. அவளுக்குக் காது வரை சூடேறியது. கண்டுபிடித்து, கழற்றி, நக்கலாக விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. முடிச்சை அவிழ்க்காமல் ஒருத்தி எப்படிக் கழற்ற முடியும் என்று யோசிக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் சந்தேகப்படுவதில்லை. தங்கள் சந்தேகத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அந்த வாரம் பேக்கரிக்காரர், சரக்கு ஏன் குறைந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் வேறு யாரிடமோ வாங்குகிறார், அதனால்தான் கேட்கிறார் என்று அதையும் நாத்தனார் தலையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

கடைசியில் ஒரு விடியலில் நாத்தனார் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும் பாசிக்காரி அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். வழி நெடுக இழுத்துப் போட்டிருந்த படகுகளின் மறைவில் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். தட்டைப் பாறை வந்தது. நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாண்டிப் போய், யாரும் கால் வைக்காத முனைப் பாறைகளின் மேல் தட்டுத்தடுமாறி ஏறி, அலை கொண்டுவந்து ஒதுக்கியிருந்த பழுப்புப் பாசியை அள்ளி அள்ளிச் சாக்கில் திணிக்க ஆரம்பித்தாள். செடி வளர்க்கும் நர்சரிக்காரர் உரத்துக்குக் கேட்கும் பாசி அது. பாசிக்காரி அதைச் சீந்தவே மாட்டாள்.

அப்போதாவது திரும்பியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்து இந்தக் குப்பையையா அள்ளுகிறாள், அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பார்க்க இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். காலடியில் கல் உருண்டது. நாத்தனார் திரும்பினாள். அரை வெளிச்சத்தில் பாறைக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம், கையில் அரிவாள். அவள் ஓரடி பின்வாங்கினாள். கால் வைத்த இடம் பச்சை வழுக்கல்.

கணுக்கால் மடங்கிய சத்தம் பாசிக்காரிக்கே கேட்டது. ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள். நாத்தனார் வலியில் அவள் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. சாக்கிலிருந்த பாசியைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கின் மேல் அவளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு வந்தபோது, கூண்டு பார்க்க வந்த நண்டுக்காரர் எதிரே நின்றார். அவர் கண்ணில் பட்டது, அழுகிற ஒருத்தியும், இடுப்பில் அரிவாள் செருகிய இன்னொருத்தியும். அவர் வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்.

தெருவுக்குள் அந்தச் சேதி வந்து சேர்ந்தபோது அதற்குக் கை கால் முளைத்திருந்தது. குழாயடியில் இவள் போய் நின்றால் பேச்சு நின்றது. பேக்கரிக்காரர் மூட்டையை வாங்கி, முன்பெல்லாம் செய்யாதபடி ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தவளை இப்போது ஊரே ஓரக்கண்ணால் பார்த்தது. அந்தப் பார்வையின் ஒவ்வொரு தினுசும் அவளுக்கு அத்துப்படி என்பதால் ஒன்றுகூடத் தவறவில்லை.  வீட்டில் ஆணியில் தொங்கும் அரிவாளை ஒருநாள் காலை கணவர் அலமாரியின் மேல்தட்டில், இவளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் சோற்றுப் பானையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ என்பதுதான் அவளை அரித்தது. அவள் இடத்தில் தான் இருந்திருந்தால், அண்ணி தள்ளிவிட்டாள் என்றே சொல்லியிருப்போம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தவளிடம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே நின்றாள்.

“உங்க அண்ணன்கிட்ட என்ன சொன்ன?”

“நீங்க தள்ளலன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன்.” நாத்தனார் கஞ்சியை ஆற்றினாள். “ஒளிஞ்சு வந்தீங்கன்னும் சொன்னேன். ரெண்டும் நடந்ததுதானே.”

“அப்ப அவர் ஏன் அரிவாள எடுத்து மேல வச்சாரு?”

நாத்தனார் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நான் சொன்னத அவர் நம்பல போல,” என்றாள். “உங்க கூட இத்தன வருஷம் குடும்பம் நடத்தியிருக்காரு அண்ணி. அவருக்கும் பழகிப்போச்சு.”

பழுப்புப் பாசி அள்ளுவதை ஏன் மறைத்தாய் என்று பாசிக்காரி கேட்டாள். நர்சரி பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருப்பதாகவும், யாருக்கும் பாரமாக இல்லாமல் போய்விட நினைத்ததாகவும் நாத்தனார் சொன்னாள். “பாசின்னு வாய் திறந்தாலே உங்க பாறையில கைவச்சேன்னு சொல்வீங்க. அதனாலதான் அந்தப் பக்கமே திரும்பாம போனேன்.”

அப்படியானால் பாறையை மொட்டை அடித்தது யார்? மறுநாள் நன்றாக விடிவதற்கு முன்பே டார்ச்சை எடுத்துக்கொண்டு பாசிக்காரி தட்டைப் பாறைக்குப் போனாள். வெளிச்சம் பட்டதும் பாறை அசைவது போலிருந்தது. இடுக்குகளிலிருந்து கறுப்புக் கறுப்பாக முள் உருண்டைகள், கடல் முள்ளெலிகள், வெளியே வந்து, பாசியின் அடிக்கட்டை மேல் உட்கார்ந்து, மெதுவாக அரைத்துக்கொண்டிருந்தன. பகலில் இடுக்குக்குள் கிடப்பவற்றை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வாய் எங்கே என்றுகூடத் தெரியாத அவற்றைச் சந்தேகப்படத் தோன்றியதில்லை. வெளிச்சம் வரும் வரை அங்கேயே குனிந்து நின்று, கம்பியால் நெம்பி நெம்பி எடுத்து வாளியில் போட்டாள். கை முழுக்க முள் குத்தியது.

வாளியைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள். அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது.

“பாறைய மேஞ்சது இதுங்கதான்,” என்றாள். “யாரும் திருடல.”

இந்த நாலைந்து வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு, முள் குத்தியதைவிடப் பெரிது. கணவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்; பிறகு அவள் கைகளைப் பார்த்தார். முள்ளெடுக்க ஊசியும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்து, அரிவாளைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குத் தாமதமாகத்தான் போனார். குழாயடியிலும் அவளே போய், தான் ஒளிந்து போனதையும் ஏன் போனாள் என்பதையும் சொன்னாள். சிலர் நம்பினார்கள். சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் யாரிடமும் வாதாடவில்லை.

கால் சரியானதும் நாத்தனார் சொன்னபடியே தனி அறைக்குப் போனாள். முள் உருண்டைகளைத் தவறாமல் பொறுக்கியதில் பாறையில் சிவப்பு நூல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் நீர் வற்றும் நாட்களில் இருவரும் படகுகள் கிடக்கும் இடத்தில் சந்தித்து ஒன்றாகவே போகிறார்கள். முனைப் பாறையில் எந்தக் கல் ஆடும், எது வழுக்கும் என்று பாசிக்காரி அழுத்திப் பார்த்துச் சொல்லுகிறாள். நாத்தனார் அங்கே பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறாள்.

“நீங்க முன்னாடி போங்க அண்ணி,” என்பாள் ஒவ்வொரு முறையும்.

வழி காட்டத்தான் அப்படிச் சொல்கிறாளா, இல்லை தன்னைப் பின்னால் வரவிட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லையா என்று பாசிக்காரிக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும். கேட்காமல், அரிவாளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறாள்.