ஜப்பான் கடையில் முதல் குச்சி

சென்ற வைகாசியில் நான் ராமநாதபுரம் போனதற்கு மதினிதான் காரணம். அவர் கணவர், என் அண்ணன் காளிமுத்து, மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். சண்டையின்போது ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமில் ரயில் போடக் கொண்டுபோனார்கள் என்பதோடு தகவல் நின்றுவிட்டது. மதினி குங்குமத்தை எடுக்கவில்லை, நாங்களும் திதி கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் என்ன ஆவது? இந்த நிலையில்தான், சயாமிலிருந்து தப்பி வந்த சூசை என்பவர் ராமநாதபுரத்தில் சுட்ட கறிக்கடை வைத்திருப்பதாகச் சேதி வந்தது.

"இருக்காரா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க தம்பி. எதுவானாலும் தாங்கிக்கிருவேன்" என்றார் மதினி.

கமுதியில் காலை ஒன்பது மணிக்கு பஸ். முதுகுளத்தூர் வழியாகச் சுமார் நாற்பது மைல், கட்டணம் ஒன்றேகால் ரூபாய். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற மூன்று இடங்களில் நிறுத்தினார்கள். எப்போது போய்ச் சேரும் என்று டிரைவரைக் கேட்டேன். "தண்ணி கெடைக்கிறப்பப் போகும்ணே. மழை பெய்யாததுக்கு நானா பொறுப்பு?" என்றார். சேர்ந்தபோது மணி இரண்டு.

கடை ஸ்டேஷனிலிருந்து அரை மைல். ஓலைக் கொட்டகை, பெயர்ப்பலகை இல்லை. ஜப்பான் கடை என்றால் யாரும் காட்டுவார்கள். மாலை ஐந்தரை மணிக்குச் சூசை அடுப்பு மூட்டுகிறார். ஆட்டு ஈரல், குண்டிக்காய், சுவரொட்டி என்கிற மண்ணீரல், வேகவைத்த குடல் எல்லாவற்றையும் சிறு துண்டாக்கி, மூங்கில் குச்சியில் கோத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கரி நெருப்பில் வாட்டுகிறார். குச்சி ஒன்றரை அணா. குடிக்க ஓலைப் பட்டையில் பதநீர். (கள் கிடைக்குமா என்று கேட்டு வைக்காதீர்கள், மதுவிலக்குக் காலம்!)

நான் பகல் முழுக்கப் பட்டினி. முதலில் வெந்த ஈரல் குச்சியை அவர் பெஞ்சின் ஓரத்தில் இலை போட்டு வைத்தார். எனக்குத்தான் என்று எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டேன்.

"யோவ், அதை ஏன்யா எடுத்தே? அது சயாமுல செத்த கூட்டாளிக்கு வைக்கிறதுய்யா!" என்று பக்கத்தில் இருந்தவர் கத்தினார். எனக்கு மானமே போயிற்று, வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை.

சூசை மட்டும் நிதானமாக, "எந்த ஊருய்யா?" என்றார்.

"கமுதிப் பக்கம். எங்க அண்ணன் காளிமுத்தைப் பத்திக் கேக்க வந்தேன்."

அவர் கையிலிருந்த விசிறி விழுந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் ஜப்பான்காரன் அடுப்படிக்கு வெறகு சொமப்பேன். மாட்டை அறுத்தா ஈரல், கொடல எல்லாம் தூரப் போட்ருவாங்க. சமையக்காரன் ஒருத்தன் நல்லவன், அதைக் குச்சியில கோத்துச் சுடக் காட்டிக் குடுத்தான். மடியில ஒளிச்சுக் கொண்டாருவேன். காளிமுத்துக்குக் காச்சல். கடைசிச் சாயங்காலம் ஒரு குச்சி ஈரலத் தின்னுட்டு, 'நல்லாருக்குடா சூசை, ஊருக்குப் போயி ரெண்டு பேரும் இதையே கடையாப் போடுவோம்'னாரு. விடியக்குள்ள போயிட்டாரு. நாந்தேன் குழி வெட்டுனேன். அவரு ஊரு கமுதிப் பக்கம்னு மட்டுந்தேன் தெரியும், எங்கன போயித் தேட?"

நான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"தின்னுங்க தம்பி. இத்தனை வருசத்துல இன்னைக்குத்தேன் அந்தக் குச்சி சேர வேண்டிய எடத்துல சேந்துருக்கு."

கறி தின்ற வாயோடு திதி கொடுக்க மனம் வரவில்லை. ஒருநாள் பொறுத்து ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறினேன். சூசையும் வந்தார். நான் கடலில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைக்க, அவர் கரையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். சூசைக்கும், பேர் தெரியாத அந்தச் சமையல்காரருக்கும் என் குடும்பம் காலமெல்லாம் கடன்பட்டது.

போகிறவர்களுக்கு: திதி கொடுக்க வந்தவர்கள் ராமேஸ்வரத்தை முடித்துக்கொண்டு திரும்பும்போது இந்தக் கடைக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை சூசை கறி தொடமாட்டார், கடை கிடையாது. சுவரொட்டி ஆறு மணிக்குள் தீர்ந்துவிடும். இலையில் தனியாக இருக்கும் குச்சியைத் தொடாதீர்கள். இப்போதும் வைக்கிறார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மதினி கேட்டது ஒன்றுதான்.

"கடைசியாச் சாப்பிட்டாரா தம்பி?"

"சாப்பிட்டாரு மதினி. நல்லாருக்குன்னு சொன்னாராம்."

"அது போதும்" என்று முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டார்.