மணி அடிக்கும் வரை

கொட்டாஞ்சேனையில், ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த விவாத இறுதிப் போட்டி அது. எங்கள் அணியின் தொகுப்புரை என்னுடையது. மணியும் கடைசிச் சொல்லும் ஒன்றாக விழவேண்டும். மணிக்கு முன் நிறுத்துபவன் வாதம் தீர்ந்தவன். அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தேன். வெள்ளவத்தையில் என் அறைக் கண்ணாடிக்கு அந்த இறுதி வாக்கியம் மனப்பாடம்.

மணியையும் நானே செய்திருந்தேன். கணினி வகுப்பில் அப்போதுதான் 'வைல் லூப்' படித்திருந்தோம். நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை கணினி அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். மீதி நேரம் பூச்சியமாகாதவரை இருபது செக்கன் காத்திரு, இருபதைக் கழி, மீதியைத் திரையில் காட்டு. பூச்சியமானதும் மணி அடி. என் நிரல் அவ்வளவுதான்.

நேரக் கணிப்பாளராக இருந்த வகுப்புத் தோழி முதல் நாளே கேட்டாள்.

"வேற நேரங்களும் போட்டு ஒருக்காப் பாப்பமே?"

"தர்க்கம் சரியெண்டா எண் எதுவா இருந்தா என்ன?"

"ஓம் ஐயா. மைக் மட்டுந்தான் இல்லை."

நான்கு நிமிட உரைகள் அனைத்துக்கும் மணி பிசகாமல் அடித்தது. ஆனால் போட்டி தாமதமாகிவிட்டதால், இரண்டு நிமிடத் தொகுப்புரையை நடுவர்கள் ஒன்றரை நிமிடமாகக் குறைத்தார்கள். மணிக்குள் எவரையும் இடைமறிப்பதில்லை, நேரம் மீறினால் புள்ளி வெட்டப்படும் என்றும் நினைவூட்டினார்கள். இரு அணிகளும் ஏறத்தாழச் சமநிலையில் இருந்தன. தோழி தொண்ணூறு என்று தட்டினாள். முதலில் நான் எழுந்தேன்.

அடுக்குமாடி வாழ்வு அயலாரை அந்நியராக்கிவிட்டது என்று நிறுவி, கண்ணாடிக்குத் தெரிந்த அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். மணி அடிக்கவில்லை. "ஆகவே, நடுவர் பெருமக்களே" என்று மீண்டும் தொடங்கினேன். மின்தூக்கியில் முகம் திருப்பும் மனிதர்களைப் பற்றிச் சொன்னேன். அதையே சொல் மாற்றிச் சொன்னேன். மணி அடிக்கவில்லை. மூன்றாவது "ஆகவே"யில் பின்வரிசைகள் சிரித்தன. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் மீதி நேரம் காட்டிய மேடைத் திரையைப் பார்த்தார்கள். திரும்பிப் பார்ப்பது மேடைக்கு அழகல்ல என்று நானும் திரும்பவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை, தொடர எதுவும் இல்லை.

கடைசியில் தலைமை நடுவர் பேனாவால் தண்ணீர்க் குவளையைத் தட்டினார்.

"தம்பி, நேரம் தெரியேல்லையா?"

"மணி அடிக்கேல்ல, சேர்."

மண்டபமே சிரித்தது. அப்போதுதான் திரும்பினேன். திரையில் மைனஸ் நூற்றுப்பத்து.

"பத்துக்குப் பிறகு மைனஸ் பத்து," என்றாள் தோழி, விசைகளை வீணாக அழுத்தியபடி. "பூச்சியம் வரவே இல்லை. நான் என்ன செய்ய?"

மீதி பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை என்று எழுதியிருந்தால் மைனஸ் பத்திலாவது மணி அடித்திருக்கும். அது அங்கே நின்றபடியே எனக்கு விளங்கியது; விளங்கி என்ன பயன்?

எதிரணியின் தொகுப்புரைக்கு நடுவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்கு வெட்டிய புள்ளிகளால்தான் தோற்றோம். எதிரணி கிண்ணத்தைத் தூக்கிப் படமெடுத்தபோதும் அவர்களுக்குப் பின்னால் எண்கள் குறைந்துகொண்டே இருந்தன. எங்கள் அணித் தலைவன் என் காதருகில் குனிந்தான்.

"மச்சான், உன்ர தர்க்கம் இன்னும் ஓடுது. போய் நிப்பாட்டன்."