சூடுதான், வேறொண்ணுமில்ல

இன்பசேகரன் அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால், எங்களைத் தூங்க வைத்த மனுஷன் என்றுதான் நான் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருட்டில் எழுந்து சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளைகளுக்கு டிபனை மூடி வைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி வருகிறவளுக்குத்தான் அந்தத் தூக்கத்தின் அருமை தெரியும். குடியாத்தத்தில் ஏறி உட்கார்ந்தால் ஆம்பூர் தாண்டி ஷூ கம்பெனி கேட் வரும்வரை கிடைக்கிறது ஒரு தூக்கம். எங்கள் நாளில் எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவர் ஓட்டுகிற பஸ்ஸில் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, நீலமாக ஒரு சின்ன விளக்கை மட்டும் விட்டுவைப்பார். அந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கும். தோளில் தோள் சாயும். நேற்று வைத்த மல்லிகையும் தேங்காய் எண்ணெயும், கழுவினாலும் போகாத ஷூப் பசையும் கலந்து ஒரு வாசம் சுற்றும். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது சக்கரத்தின் சத்தம் மாறும், பாதித் தூக்கத்தில் அது கேட்கும். தண்ணீரில்லாத ஆற்றின் மேல் நாங்கள் மிதந்து போவதாக எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

"தூங்குங்கம்மா, எறங்கற எடம் வந்தா சொல்றதுக்கு நான் கீறேன்," என்பார். அதற்கு மேல் தாலாட்டு எதற்கு?

நான் கிரேஸி. ஷூவின் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் என்னுடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன், அதில் எனக்கு வெட்கமே கிடையாது. பஸ்ஸில் முதல் சத்தம் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று அஃப்ஷா கேலி செய்வாள். அவள் என் பக்கத்து மெஷின், பக்கத்து சீட்.

போன கோடையில் விரிஞ்சிபுரம் பக்கம் ஓடிய பஸ்ஸைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அந்தப் பெண்களையும் இவர் தலையிலேயே கட்டினார்கள். விரிஞ்சிபுரத்தில் ஆரம்பித்து, பள்ளிகொண்டா வந்து, குடியாத்தத்துக்குள் நுழைந்து, மாதனூர் வழியாக ஆம்பூர். வழி நீண்டதே தவிர, கேட் மூடும் நேரம் அப்படியே இருந்தது. கேட் மூடினால் அரை நாள் சம்பளம் போச்சு, பேச்சே இல்லை. அன்று முதல் ஏறும்போதே எல்லாரும், "சீக்கிரம் போண்ணே, லேட் ஆவுது," என்போம். அவரும் தலையாட்டுவார்.

கொஞ்ச நாளில் அண்ணனுக்கு வாயெல்லாம் புண். டீயை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குடித்தார்.

"இன்னாண்ணே ஆச்சு?"

"சூடுதான் கிரேஸி, வேறொண்ணுமில்ல."

எங்கள் ஊரில் சூடு என்று சொல்லிவிட்டால் பாதி ஆஸ்பத்திரி அதற்குள் அடங்கிவிடும். முடி கொட்டினால் சூடு. கண் எரிந்தால் சூடு. தூக்கம் வராவிட்டால் சூடு. பெண்டாட்டியிடம் காரணமில்லாமல் கத்தினாலும் சூடுதான். வேலூர் வெயில் என்ற சாட்சி இருக்கும்போது வேறு யாரைப் பிடித்து விசாரிப்பது? அதுவும் இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிற ஆள். ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கினோம். நான் இளநீர். அஃப்ஷா சப்ஜா விதை ஊறவைத்த சர்பத். விரிஞ்சிபுரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பூங்குழலி வெந்தயத்தைத் தண்ணீரோடு பாட்டிலில் கொண்டுவந்தாள். அவர் மறுக்காமல் எல்லாவற்றையும் குடித்தார். பாவம், அவர் வயிறு என்ன பாடுபட்டதோ.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அஃப்ஷா ஏறி உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருப்பாள். "அஃப்ஷா ஏறிட்டாளா?" என்று அண்ணன் கேட்பார். பாலம் தாண்டியதும் மறுபடி கேட்பார். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் முன்பெல்லாம் இஞ்சினை அணைத்துவிட்டு, "போங்கடா ராஜா," என்று வழிவிடுகிறவர், இப்போது ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். சாயங்காலம் பார்த்தால் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே இருக்கும். பின்னாலிருந்து எனக்கு அவருடைய தாடை தெரியும். பல்லைக் கடித்துக் கடித்து அங்கே ஒரு நரம்பு துடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றுகூட என் கண்ணுக்குத் தப்பவில்லை. எல்லாவற்றுக்கும் இளநீர்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி மழை வந்து போனது. மார்கழி பிறந்தது. பாலாறு முழுக்கப் பனி. சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஏறினோம். அண்ணன் கழுத்தில் மட்டும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. வாய்ப்புண் மறுபடி வந்திருந்தது.

"மார்கழில இன்னாக்கா சூடு?" என்றாள் பூங்குழலி.

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் எனக்குக் கண் செருகிவிட்டது.

ஆம்பூர் வந்தால் எங்களை மூக்கே எழுப்பிவிடும். தோல் பதனிடும் இடத்து நெடி ஜன்னல் வழியாக வரும். உடனே ஒவ்வொருத்தியாக எழுந்து கொண்டையை முடிவாள். அன்றைக்குப் பனிக்காக எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடியிருந்தோம். நெடி வரவில்லை. யாரும் எழவில்லை. நான் கண் திறந்தபோது மடியில் வெயில் விழுந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே பனி வெள்ளையாக நகர்ந்தது. அதற்கு மேலே ஒரு மலை கால் இல்லாமல் நின்றது. ரொம்ப அழகாக இருந்தது. கனவு என்றே நினைத்து இன்னும் கொஞ்சம் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது ஏலகிரி. வாணியம்பாடியும் தாண்டி, திருப்பத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம்.

"அண்ணே! இது எந்த ரோடு?"

பஸ் மெதுவாகி, ஒரு புளியமரத்தடியில் நின்றது. கேட் மூடி எவ்வளவோ நேரமாகியிருக்கும். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டும் தயாராகத்தான் இருந்தது. அப்போது அவருடைய கையைப் பார்த்தேன். வண்டி நின்ற பிறகும் அது ஸ்டீயரிங்கை விடவில்லை.

"தூங்கிட்டியாண்ணே?"

"இல்ல கிரேஸி. முழிச்சிக்கினுதான் இருந்தேன். நம்ம கேட்ட பாத்தேன். வாட்ச்மேன் கைகூட காட்டினாரு. நிறுத்தணும்னு தோணவே இல்ல."

தூங்கியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"ராத்திரி கண்ண மூடுனா பஸ்ஸு ஓடுது. ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்தறேன். யாரையோ ஏத்தாம வுட்டுட்டேன்னு எழுந்து உக்காந்துக்கறேன். அப்புறம் விடியறவரைக்கும் அதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"டிரைவருக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்சா வண்டிய குடுப்பாங்களா? சூடுன்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

எல்லாரும் இறங்கினோம். ரோட்டோரம் ஒரு டீக்கடை இருந்தது. அரை நாள் எப்படியும் போய்விட்டது, இனி எதற்கு ஓடுவது? வேலை நாளில் காலை வெயிலை அவ்வளவு நேரம் முகத்தில் வாங்கியதாக எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. புடவையும் சுடிதாரும் புர்காவுமாக மரத்தடியெங்கும் உட்கார்ந்திருந்தோம். பனி எங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனது. யாரும் சத்தமாகப் பேசவில்லை, நான்கூட.

"எனக்கும் தூக்கத்துல மெஷின் ஓடுது," என்றாள் அஃப்ஷா, டீயைப் பார்த்துக்கொண்டே. "காலு பெடல அமுக்கிக்கினே இருக்குதாம். அவரு தள்ளிப் படுத்துக்கறாரு."

"எனக்கு சோத்தப் பாத்தாலே கொமட்டுது. அம்மா விசேஷமான்னு கேக்குது," என்றாள் பூங்குழலி. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், ஆனால் கண் கலங்கிவிட்டது.

நான் ராத்திரியில் பல்லைக் கடிப்பதாக என் வீட்டுக்காரர் ஒரு வருஷமாகச் சொல்கிறார். பூச்சி மாத்திரை போட்டுக்கொண்டேன், சூட்டுக்கு விளக்கெண்ணெயும் குடித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லை. என் புத்தியை என்னவென்று சொல்ல?

அண்ணன் டீயைத் தொடவில்லை. அவருக்கு ஒரே நினைப்புதான், வண்டி போய்விடுமோ என்று. வேற வேலை தெரியாது எனக்கு, என்று இரண்டு தரம் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணும் ஆவாது. பஞ்சர்னு சொல்லிடலாம்," என்றேன். "வாணியம்பாடிக்கு டயர் பாக்க வந்தோம், அவ்ளோதான். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும், இன்னா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் கூட்டம் ஒரே பேச்சில் நின்றது எனக்குத் தெரிந்து அன்றுதான்.

போன் அடித்தது. கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஷபீ அஹமது சார். அண்ணன் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானே அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"எங்கய்யா கீறீங்க? லைன் மொத்தமும் காலியா கீது. வண்டிக்கு இன்னா ஆச்சு?"

பஞ்சர், பஞ்சர் என்று நான் வாயசைத்தேன். அஃப்ஷா கையால் சக்கரம் போலச் சுற்றிக் காட்டினாள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையோ ஏற்றாமல் விட்டுவிட்டோமா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது.

"பஞ்சர் இல்ல சார்," என்றார். "வண்டி நல்லாதான் கீது. எனக்குதான் முடியல."

ஷபீ சார், "அங்கயே இருங்க. வேற டிரைவர கூட்டிக்கினு நானே வர்றேன்," என்றார். நாளைக்கு இவருக்கு வேலை உண்டா இல்லையா என்று அந்தக் குரலிலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் எழுந்து பஸ்ஸுக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"அவரு வர்றதுக்குள்ள எனக்கு மனசு மாறிடும், கிரேஸி," என்றார். "நான் கேட்டாலும் குடுக்காத."