முன் இருக்கையில் மூன்று பேர்

போன கிழமை வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்த நேரம் பார்த்து, கெல்சென்கிர்ச்சனிலிருந்து பாஸ்கரன் அண்ணை கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். பழைய அமெரிக்கக் கார் ஒன்று விற்பனைக்கு. முற்றாகப் புதுப்பித்தது, புது வசதிகள் சேர்த்தது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். படத்துக்குப் பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"தம்பி, இது எங்கடை கார். உங்கடை பீலெஃபெல்டிலைதான் நிக்குது. ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லு."

"அண்ணை, அதை வித்து எவ்வளவு காலம்! இன்னும் இருக்குமே?"

"இருக்கு. முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும். உன்னை வாங்கச் சொல்லேல்லை. நான் வந்து ரதி இருந்த இடத்திலை ஒருக்கா இருந்தால் காணும் எனக்கு."

ரதி அக்கா அவருடைய மனைவி. போன மாரியில் காலமாகிவிட்டா. அண்ணைக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர வீட்டை விட்டு அசைவதில்லை. அப்படிப்பட்ட மனிதர் வெளிக்கிட ஆசைப்படும்போது, எனக்கு முழங்கால் நோகுது என்று சாட்டுச் சொல்ல வாய் வருமா? சனிக்கிழமை போனேன்.

போய்ப் பார்த்தால், படத்தில் கண்டதிலும் கூடுதலாக மினுங்குகிற கறுப்பில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. எங்களுடையது வெளிறிப்போன பச்சை. இது அதுவாக இராது என்று திரும்பத்தான் நினைத்தேன். அதற்குள் விற்பனையாளர் பின்பெட்டியைத் திறந்து, "ஒரு சின்ன மணம் இருக்கிறது, எவ்வளவு கழுவியும் போகவில்லை, போகப்போகப் போய்விடும்" என்று சங்கடப்பட்டார். நான் குனிந்து மூக்கை உள்ளே விட்டேன்.

அட கடவுளே, கருவாடு!

இனி உங்களுக்குக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நாட்களில் இங்கே ஜெர்மனியில் தமிழ்க் கடை என்று ஒன்றும் கிடையாது. ஊருக்குத் திரும்பிப்போன அமெரிக்கப் படைவீரன் ஒருவனிடம் அண்ணை இந்தக் காரை வாங்கி, அதையே கடையாக்கிவிட்டார். பின்பெட்டி முழுக்கக் கருவாடு. பின் இருக்கையில் கூரைவரைக்கும் வெண்டிக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலைப் பெட்டிகள். வார இறுதியில் தமிழ் வீடு வீடாகப் போய் ஹோர்ன் அடிப்போம். என் வேலை பெட்டி தூக்குவது. நானே அப்போது ஒரு முருங்கைக்காய்தான். இப்போதைய பூசணிக்காயைப் பார்த்துவிட்டு நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பின்னால் இடமில்லாததால் மூன்று பேரும் முன்னால். அந்தக் காரில் முன் இருக்கை பெஞ்சு மாதிரி ஒரே நீளமான வாங்கு. கியர் தடி ஸ்டியரிங்கோடு மேலே இருக்கும், நடுவில் ஒரு தடையும் இல்லை. இடப்பக்கம் இருந்து அண்ணை ஓட்டுவார், நடுவில் அக்கா, வலப்பக்க யன்னலோரம் நான்.

நானும் அவர்களோடுதான் இருந்தேன். வீட்டுக்குள் அவர்கள் இருவரும் கீரியும் பாம்பும். உப்புக்குச் சண்டை, புளிக்குச் சண்டை. சண்டை பிடிக்க ஏன்தான் இவ்வளவு தூரம் வந்தார்களோ என்று எனக்கு அலுத்துப்போகும். ஆனால் காருக்குள் ஏறினால் ஒரு சத்தம் இராது. இருக்கையோ வழுவழுவென்ற ரெக்சின். கார் வலப்பக்கம் திரும்பினால் அக்கா அப்படியே வழுக்கிப்போய் அண்ணையின் தோளில் முட்டுவா. முட்டினவ உடனே திரும்பி வரமாட்டா.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணை நேர் ரோட்டால் வரவே மாட்டார். ஒரு வலது, இன்னொரு வலது, பிறகும் ஒரு வலது.

"அண்ணை, ஏன் இப்பிடிச் சுத்திறியள்? எனக்குப் பசிக்குது."

"அங்காலை ரோட்டு வேலை நடக்குதடா."

ஜெர்மனியில் எங்கேயாவது ரோட்டு வேலை நடந்துகொண்டுதானே இருக்கும்? மண்டுபோல நானும் நெடுங்காலம் நம்பினேன். அக்கா மட்டும் முகத்தைத் திருப்பாமல், "ரோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்பா.

பிறகு ஒவ்வொரு ஊரிலும் தமிழ்க் கடைகள் வந்தன. எங்கள் ஹோர்னுக்காக யன்னலில் ஒருவரும் காத்து நிற்கவில்லை. காரும் துருப்பிடித்துப் பரிசோதனையில் தேறாமல் கைமாறியது. நான் பீலெஃபெல்டில் வேலை கிடைத்து வந்து, இங்கேயே நரைத்தும் போனேன்.

விற்பனையாளர் முன்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வாங்கு இல்லை. தனித்தனியாக இரண்டு தோல் இருக்கைகள். நடுவில் ஒரு உயரமான பெட்டி, கோப்பை வைக்கக் குழிகள், கைபேசிக்கு மின்சாரம்.

"இனி ஒருவரோடு ஒருவர் முட்டத் தேவையில்லை" என்றார் பெருமையாக.

பழைய இருக்கை எங்கே என்று கேட்டேன். எப்போதோ எறிந்திருப்பார்கள் என்று தோளைக் குலுக்கினார். அந்த ஆளில் என்ன பிழை?  அண்ணைக்குப் பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அண்ணை பொறுக்கவில்லை, அவரே கைபேசியில் அழைத்துவிட்டார்.

"எங்கடைதானே?"

"ஓம் அண்ணை. கருவாடு இன்னும் மணக்குது."

அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாள்.

"நான் சொன்னேனே! செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி இல்லை. ரெயினிலை வாறன். நீ வந்து கூட்டிக்கொண்டு போ, என்ன?"

"அண்ணை... முன் இருக்கையை மாத்திப்போட்டாங்கள். ரெண்டு தனிக் கதிரை. நடுவிலை ஒரு பெட்டி."

அங்கே அண்ணை தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. 

"அண்ணை, கேக்குதோ?"

"அப்ப நான் வந்து எங்கையடா இருக்கிறது?" என்றார்.

அக்காவின் செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு கண் கலங்காமல் திரிந்த மனிதர், விக்கி விக்கி அழத் தொடங்கினார்.