சிம் இல்லாத போனும் ருக்குமணியின் சுவரும்

சிறுவர் பக்கத்துக்குப் படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டே எதிரிகள்: பறந்துவிடுகிற பூச்சி, அடித்துவிடுகிற போன். முதல் எதிரியை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதன் வாயை அடைக்க, என் பழைய ஸ்மார்ட்போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றிவிட்டு, அதை வெறும் கேமராவாக வைத்துக்கொண்டேன். உங்களில் சிலரும் இதைச் செய்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஊரார் உங்களைப் பார்த்த பார்வையையும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் ஜவ்வாது மலைக்குப் போனது பொன்வண்டையும் கம்பளிப்புழுவையும் படம் எடுக்க. போன இடத்தில், அடுத்த மழைக்குள் ஒரு குடும்பத்துக்குப் பின்சுவர் கிடைக்குமா, கிடைக்காதா என்கிற பொறுப்பு அந்தக் கேமராவின் தலையில் வந்து விழுந்தது.

கடன் வாங்காத தட்டான்

சிம்மைக் கழற்றியதற்குக் காரணம் ஒரு தட்டான். புல் நுனியில் உட்கார்ந்திருந்தது. முழங்கையை மண்ணில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன் கண் தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்தேன். அழுத்தப்போகிற நேரத்தில் போன் அதிர்ந்தது. எனக்குக் கடன் தரத் தயாராக இருப்பதாக ஒரு பெண்குரல் குழைந்தது. தட்டான் கடன் வாங்க நிற்கவில்லை. அன்றைக்கே சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டு, அதைத் துணிப்பையின் அடியில் தள்ளினேன்.

மலை ஏறுவதற்கு முன் சந்தவாசலில் ஒரு செல்போன் கடையில் நின்றேன். கேமராவின் முகத்துக்குக் கீறல் விழாத கண்ணாடி ஒட்ட வேண்டியிருந்தது. கடைக்காரர் பொறுமையாகத் துடைத்து, குமிழி இல்லாமல் ஒட்டி, கூடவே நல்ல ரீசார்ஜ் ஒன்றையும் சிபாரிசு செய்தார். இதில் சிம் இல்லை, போடுகிற எண்ணமும் இல்லை என்றேன். அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்ஜின கழட்டி வச்சிட்டு காருக்கு பாலிஷ் போட்ற மாதிரி இருக்குதுங்க மேடம்."

ஜன்னலோர விமானம்

மலைக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாரையும் கேட்கக் கூடாது, கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே பஸ்ஸில் எல்லோரும் எல்லோர் மேலும் சாய்ந்துதான் போவோம். என் மேல் சாய்ந்திருந்தவர் மடியில் ஒரு புண்ணாக்கு மூட்டை வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போனைக் காட்டி, இதில் பேச முடியாது என்றேன். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று திரையையும் திறந்து காட்டினேன்.

திரையின் மூலையில் குட்டி விமானம் ஒன்று இருந்தது. சிம் இல்லாவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஃப்ளைட் மோடில் போட்டு வைத்திருந்தேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மூட்டையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து எனக்கு இடம் விட்டார். பின் சீட்டுக்குத் திரும்பி அறிவித்தார்: "உள்ளூருக்கெல்லாம் இது பேசாதாம்பா, ஏரோப்ளேன்ல போற ஊருக்கு மட்டுந்தான் பேசுமாம்."

எது அவசரம்?

நான் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தது ருக்குமணி வீட்டில். அவரும் கணவர் சடையனும் சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிறவர்கள். நான் குழந்தைகள் பத்திரிகைக்கு வேலை செய்கிறேன் என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவர்களுக்கு நான் டீச்சரம்மா. மறுத்துப் பயனில்லை. போய் இறங்கியபோது வீட்டின் பின்பக்கத்தில் சுவர் இல்லை. மண்சுவர், முதல் மழைக்கே உட்கார்ந்துவிட்டது. கூரை கம்பங்களின் மேல் நின்றதால் தப்பியது. சாமை மூட்டைகளுக்கு மேல் ஒரு நீலத் தார்ப்பாய். அதன் ஓரத்திலேயே அவர்கள் படுக்கையும். இடிந்ததைக் கட்ட அரசாங்க உதவி உண்டு. ஆனால் தேதியும் இடமும் பதிந்த படம் எடுக்கும்வரை விழுந்த மண்ணை ஒரு கூடைகூட அள்ளக் கூடாது என்று கீழே அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். படம் எடுக்க வேண்டிய அலுவலர் 'நாளைக்கு' வருகிறவராக இருந்தார்.

அன்று மாலை சடையன் என் போனை வாங்கிப் பார்த்தார். பூட்டிய திரையின் அடியில் 'அவசர அழைப்பு' என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிம் இல்லாவிட்டாலும் அவசரத்துக்கு மட்டும் பேசும் என்று விளக்கினேன். அதற்கும் டவர் வேண்டும் என்று சொல்வதற்குள் அவர் யோசனையில் இறங்கிவிட்டார். தார்ப்பாயைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் கேட்டார்: "சுவரு வுழுந்தது அவசரத்துல வருமா வராதா, அத மொதல்ல கேட்டு சொல்லுங்க டீச்சரம்மா."

குந்தினால் கிடைக்கும்

ஊரில் யார் வீட்டிலும் டவர் கிடையாது. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி, வலது கையைத் தூக்கி, முகத்தைக் கலசப்பாக்கம் பக்கமாகத் திருப்பினால் ஒரு கோடு வரும். ருக்குமணி தினமும் காலையில் அங்கே ஏறி அலுவலருக்குப் போன் போடுவார். அவர் எடுக்க மாட்டார். டவர் இல்லாத ஊரில் சிம் இல்லாத என் போனைப் பார்த்து எல்லோரும் இரக்கப்பட்டார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு நாள் அந்தப் பாறைக்குப் பக்கத்துப் புதரில் பொன்வண்டு ஒன்று கிடைத்தது. இரண்டு கையாலும் போனைப் பிடித்து, குந்தி உட்கார்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, வெகுநேரம் படம் எடுத்தேன். மறுநாள் போனால் பாறைமேல் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் கீழே புதரைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். பொன்வண்டு குடிபெயர்ந்துவிட்டது. இங்கே டவர் இல்லை, நான் பூச்சிதான் பார்த்தேன் என்று சொன்னேன். ஒரு பெரியவர் நம்பாமல் தலையை ஆட்டினார்: "டவர் கெடைக்காமயா அம்மாம் நேரம் குந்தினு இருந்தீங்க? கொஞ்சம் தள்ளி குந்துங்க, எங்களுக்கும் ரெண்டு கோடு வரட்டும்."

முன்கூட்டியே விழுந்த சுவர்

எந்தப் பூச்சி எங்கே கிடைத்தது என்பது மறக்காமலிருக்க, படத்தின் ஓரத்தில் தேதியையும் இடத்தையும் பதிக்கிற வசதி என் கேமராவில் உண்டு. சிம் இல்லாமலே இடம் காட்டும். அலுவலர் கேட்பதும் அதைத்தானே என்று விழுந்த சுவரை நான்கு பக்கமும் எடுத்தேன். ருக்குமணி பக்கத்தில் நின்றார். படத்தை அனுப்ப வழி இல்லாததால், படம் இருந்த போனையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம்.

நான் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. மழையில் மின்சாரம் போய், போன் அடியோடு அணைந்து கிடந்திருந்தது. சிம் உள்ள போன் கண்விழித்ததும் டவரிடம் தேதி கேட்டுக்கொள்ளும். என் போனுக்குக் கேட்க ஆளில்லை. தான் தயாரான வருஷத்தின் முதல் நாளைத் தானே எடுத்து வைத்துக்கொண்டது. ருக்குமணியின் வீடோ அதற்கெல்லாம் பிறகு, அவர் கல்யாணமாகி வந்தபின் கட்டியது. அலுவலர் படத்தைப் பெரிதாக்கித் தேதியைப் படித்தார். வீட்டின் பதிவை எடுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்: "இது பிரகாரம் பாத்தா உங்க வூடு கட்றதுக்கு முன்னாடியே சுவரு வுழுந்துட்டு இருக்கும்மா."

போண்டா சாட்சி

தேதியைச் சரிசெய்து மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். நீங்களே வைக்கிற தேதியை நான் எப்படி நம்புவது என்று அவர் கேட்டதும் நியாயம்தான். அவரே ஒரு வழியும் சொன்னார்: அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்குச் செய்தித்தாள் போடுகிறவர் யாரும் இல்லை. மலைக்கு வருகிற ஒரே செய்தித்தாள், சந்தவாசலிலிருந்து போண்டா கட்டி வருவது. சடையன் போண்டா வாங்கிவந்தார். சாப்பிட்டோம். ருக்குமணி எண்ணெய்த் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். வெயிலில் தாள் வழியாக அவர் சேலையின் பூகூடத் தெரிந்தது.

மறுபடி மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அலுவலர் இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்தோம். தங்கம் விலை பார்த்துக்கொண்டிருந்தார். விலை பழையது என்று அவருக்குத் தோன்றவே தேதியைத் தேடினார். போண்டா கடைக்காரர்கள் அன்றைய தாளைக் கிழிப்பதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே தோன்றாமல் போயிற்று. சுவர் விழுந்ததற்கு முந்தின மாதத்துத் தாள் அது. வேறு படம் இருக்கிறதா என்று அவர் விரலால் தள்ளினார். நம் போனை யாரிடம் கொடுத்தாலும் நாம் காட்டிய படத்தோடு அவர்கள் நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த படம் என் கம்பளிப்புழு. எருக்க இலையில் திரை முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. அலுவலர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்: "இதுக்கு இன்னாம்மா நஷ்டம், இதுவும் நிவாரணம் கேக்குதா?"

காசும் மழையும்

வியாழக்கிழமை நானே வந்து எடுக்கிறேன் என்று அலுவலர் வாக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை வந்தது. அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயின் ஒரு மூலை கிழிந்திருந்தது. மூட்டைகளில் இருந்தது அந்த வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய சாமை. விதையும் அதற்குள்தான் இருந்தது.

ருக்குமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்து கிடந்த மண்ணில் முதல் குடம் தண்ணீரை ஊற்றினார். கேட்காமலே அக்கம்பக்கத்தார் வந்து வைக்கோலைப் போட்டு மிதித்தார்கள். முழங்கால்வரை சேறு, ஆளுக்கொரு கிண்டல். என் கேமராவுக்கு அன்றுபோல வேலை கிடைத்ததில்லை. ஒரு பூச்சிகூட எடுக்கவில்லை. சடையன் மட்டும் மண்வெட்டியைப் பிடித்தபடி தயங்கி நின்றார். "தொட்டா காசு வராதுன்னு சொன்னாங்களேமே" என்றார் மனைவியிடம். ருக்குமணி மிதிப்பதை நிறுத்தவே இல்லை: "காசு வர்றப்ப வரட்டும், மழ இப்ப வருதுல்ல?"

கொஞ்சம் சோகமாக

அந்த மழை எங்களைத் தொடாமல் பக்கத்து மலையில் பெய்துவிட்டுப் போனது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, முக்கால்வாசி காய்ந்து, மேலே ஓலையும் வேய்ந்தாகிவிட்டது. அடுத்த மழைக்கு முந்தின நாள் அலுவலர் வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார், பாவம், சட்டை கசங்கியிருந்தது. விழுந்த சுவர் எங்கே என்று கேட்டார். சடையன் நிற்கிற சுவரைக் காட்டினார். அலுவலர் தன் புதிய போனை எடுத்தார். அதில் படம் ஏற்றுகிற செயலி டவர் இருந்தால்தான் திறக்குமாம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாறைக்குப் போனால் டவர் இருக்கும், சுவர் இருக்காது. இங்கே சுவர் இருந்தது, டவர் இல்லை. சிறிது நேரம் போராடிவிட்டு, என்னைப் பார்க்காமல், தன் போனையும் வெறும் கேமராவாக்கிக்கொண்டார்.

மனுஷர் உதவ வேண்டும் என்றுதான் நினைத்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டிய சுவரைத் திரும்ப இடிக்கச் சொல்ல முடியாது. சுவர் புதிது என்று ஈரமும் விரல் தடமும் சொல்கின்றன, அதை வைத்து எழுதிப் பார்க்கிறேன் என்றார். ருக்குமணியைச் சுவர் முன்னால் நிற்க வைத்துக் கோணம் பார்த்தார். படத்தில் ருக்குமணி சிரித்தார். தன் கையால் வைத்த சுவர், முகத்தை எப்படி அடக்குவது? அலுவலர் போனைத் தாழ்த்தி, மேலே இருக்கிறவர்கள் சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் தள்ளிவிடுவார்கள் என்று விளக்கி, கொஞ்சம் சோகமாக நிற்கும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டார். ருக்குமணி முயன்று பார்த்தார். முடியவில்லை. கைகளிலிருந்த காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "வுழுந்தப்ப நல்லா சோகமாத்தான் இருந்தேன் சார், அப்ப நீங்க வர்ல."

அந்தப் படம் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. சுவர் மட்டும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் மழையை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கிறது.