பங்களாத் தரையில் ஒரு கறை

நேற்று ஒரு மரச்சாமான் கடையில் தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த வாசனை வந்தது. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாக் கூடம் உடனே கண்முன்னே வந்து நின்றது. அங்கே அம்மா தரை துடைக்கும் வேலை பார்த்தாள். வார்னிஷ் காணாத பழைய பலகைத் தரை அது. தண்ணீர் தேங்கினால் கறுத்துப்போகும் என்பதால், ஒட்டப் பிழிந்த துணியால் துடைத்து, மெழுகு தடவி, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் அழுத்திச் சரக், சரக்கென்று தேய்ப்பாள்.

ஒருநாள் காலையில் நாங்கள் போனபோது, காற்றில் திறந்துகொண்ட ஜன்னல் வழியே மழை இறங்கி, கூடத்தில் பெரிய கறுப்புக் கறை விழுந்திருந்தது. பதுளை நகருக்குப் போயிருந்த துரை மதியம் திரும்பிவிடுவார்.

"தொர பாத்தா ஒன்னைய வேலையவிட்டு நிப்பாட்டிருவாரு. லயத்துக் காம்பராவும் போயிரும்," என்றார் பங்களாச் சமையல்காரர். தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்து வரிசையில் அந்த ஒற்றையறை வீடு எங்களுக்கு.

"வண்டிச் சத்தம் கேட்டாச் சொல்லு, புள்ள," என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டு, அம்மா எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கறையில் தேய்த்தாள். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, காயும்வரை முந்தானையால் விசிறி, மெழுகு வைத்து மட்டையை ஓட்டினாள். சரிவில் காற்று ஊதினாலும் எனக்கு வண்டியாகவே கேட்டது. பலகையின் பழைய நிறம் மெல்லத் திரும்பியது. ஆனால் ஓரத்தில் விரலகலக் கறுப்பு மட்டும் போகவேயில்லை.

"அம்மா, வண்டி வந்துருச்சு!"

துரை காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். நாயைக் கூப்பிட்டபடியே அந்தக் கறுப்பை மிதித்துக்கொண்டு, தரையைக் குனிந்துகூடப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா துணியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். லயத்துக்கு இறங்கும் வழியெல்லாம் அவள் என் கையை விடவேயில்லை.